எழுந்தால் பெயில்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காரணம், ஒரு பிணம்.

பதறாதீர்கள். பிணத்துக்கு வயது பதினாலு. எதிர் ஃப்ளாட் பையன். அவன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆங்கில நாடகம். பையன்தான் இளவரசன். கடைசிக் காட்சியில் கத்திக்குத்து வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நிதானமாக இடம் பார்த்து விழுந்து செத்தான். லைட் அணைந்தது. கைதட்டல். எல்லாரும் பார்க்கிங் பக்கம் ஓடினார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"எழுந்திருங்க. வண்டி எடுக்கணும்."

"இரு. முதல்ல அவன் எழுந்திருக்கட்டும்."

அதோடு விட்டேனா? மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இளவரசன் சமோசா தின்றுகொண்டிருந்தான். நிம்மதியாகத் திரும்பி வந்தால்... மனைவி முகம் சிவந்திருந்தது. "அவன் அம்மா கேக்கறா, அங்கிள் எங்கேன்னு. நான் இன்னான்னு சொல்வேன்? உங்க பையன் உயிரோட இருக்கானான்னு பார்க்கப் போயிருக்கார்னா?"

நியாயமான கோபம்தான். ('இன்னா' என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.) ஆனால் அவள் ஊர் கோயம்புத்தூர். நான் செஞ்சிக்காரன். செத்தவனை எழுப்பாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதிலும் நான்... நானே ஒரு முறை செத்து எழுந்தவன். அதுவும் இங்கிலீஷில்!

அறுபதுகளின் நடுவில் நடந்தது. சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து செஞ்சி ஹைஸ்கூலுக்குப் போய் வருவேன். பத்தாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் சார் பெயர் வரதராஜன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆங்கில இலக்கியம் என்றால் அவருக்கு உயிர். எங்களுக்கு உயிர் போகும்.

ஆங்கிலக் கவிதை நடத்தும்போது அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாதே! 'எ ரெய்னி டே' என்று காம்போசிஷன் எழுதச் சொன்னார் ஒரு நாள். நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையில் குறித்தார் — 'இதில் மழையும் இல்லை, நாளும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.'

வீட்டில் நைனா தீர்ப்பு சொல்லிவிட்டார். "இந்த வருசம் பெயிலானியா, பொஸ்தகத்த மூட்ட கட்டி வெச்சிட்டு மல்லாட்டக் கொல்லைக்கு வந்துடு. ஒரு ஆளு கூலி மிச்சம்."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, கொல்லை என்றால் நிலம். தின்னப் பிடிக்கும். பிடுங்கப் பிடிக்காது. மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறிவிடுவேன். இங்கிலீஷ்தான் கழுத்தைப் பிடித்தது.

அந்த நேரத்தில்தான் வரதராஜன் சார் ஒரு நாடகம் எழுதினார். சொந்தமாக. ஆங்கிலத்தில். டிராஜடி. ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் முன்னால் போட வேண்டும். கதை இதுதான்: ரிச்மண்ட் என்று ஒரு ராஜா. முதல் காட்சியிலேயே மூத்த மகன் அவரைக் குத்திக் கொன்றுவிடுகிறான். பிறகு பிணத்தைச் சுற்றி நின்று பிள்ளைகள் ராஜ்யத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். எல்லாரும் நாசமாகப் போகிறார்கள். சுபம்... இல்லை, அசுபம்.

சார் என்னைக் கூப்பிட்டார். "நீதான் ராஜா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கு இங்கிலீஷ் வராதே சார்!"

"அதனாலதான். நீ உயிரோட இருந்தா பேச வேண்டியிருக்கும். நீ சாகறதுதான் எல்லாருக்கும் நல்லது."

எனக்கு ஒரே வசனம். 'மை சன்ஸ், ஐ டை.' அதைச் சொல்லிவிட்டு விழ வேண்டும். கடைசி வரை கிடக்க வேண்டும். அவ்வளவுதான்.

"ஒழுங்காச் செத்தியானா இங்கிலீஷ்ல உனக்குப் பாஸ் போடறேன். நடுவுல எழுந்தே... பெயில்!"

செத்தால் பாஸ். எழுந்தால் பெயில். இந்தப் பரீட்சை எனக்குப் பிடித்திருந்தது.

ஒத்திகையில் சார் கெட்டிக்காரத்தனமாகச் சோதிப்பார். நான் கிடக்கும்போது பின்னால் வந்து, "டேய், எழுந்திருடா, மணி அடிச்சாச்சு" என்பார். ஆசையோடு எழுந்தால் பிரம்படி. "பிணத்துக்கு மணி எதுக்குடா? யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. நானே கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. புரியறதா?" புரிந்தது. நாலைந்து பிரம்படியில் நன்றாகவே புரிந்தது.

மூத்த மகனாக நடித்தவன் தொண்டூர் ஜினதாஸ். வகுப்பிலேயே நல்ல இங்கிலீஷ் அவனுக்குத்தான். கொலைகாரன் ஆயிற்றே, நீள நீளமாகப் பேச வேண்டும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது — அவன் அப்பாவுக்கு விஷயம் தெரியும் வரை. தொண்டூர்ச் சமணக் குடும்பம். மனுஷர் நேராக ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார்.

"நாங்க எறும்பக்கூட பாத்து மிதிக்கிற ஜனம் சார். எம் புள்ள ராஜாவ குத்தறதா?"

"இது நாடகம்தானே..."

"நாடகத்துல மட்டும் குத்தலாமா சார்?"

சார் குத்தை எடுத்துவிட்டு விஷம் வைத்தார். அவர் அதற்கும் தலையாட்டவில்லை. கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? ராஜா மேடைக்கு வருவார். மூத்த மகன் அவரைக் கொஞ்சம் கோபமாகப் பார்ப்பான். ராஜா செத்துவிடுவார். உலக நாடகங்களிலேயே பார்வையால் நடந்த கொலை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

விழா நாளும் வந்தது. மைதானத்தில் பந்தல். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஒரு வார்த்தை புரியாத நாடகத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று சாருக்கே ஆச்சரியம். ஆனால் எங்கள் ஜனத்துக்கு மேடை என்று ஒன்று இருந்தால் போதும். முன் வரிசையில் மாலையோடு இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் தரையில் நைனாவும் அம்மாவும். பின் திரைக்கு இங்கிலாந்துக் கோட்டை வரையச் சொல்லியிருந்தார் சார். பெயிண்டர் எங்கள் செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலையை வரைந்து, உச்சியில் ஒரு கொடியை நட்டு, அடிவாரத்தில் ஆடுகளை மேய விட்டிருந்தார்.

நான் மேடைக்கு வந்தேன். ஜினதாஸ் முறைத்தான். "மை சன்ஸ், ஐ டை!" விழுந்தேன்.

"ஐயோ, எம் புள்ள!" என்று ஓர் அலறல். வேறு யார்? அம்மாதான். பக்கத்தில் இருந்த பெண்களும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. டிராஜடி வேலை செய்கிறதே!

நான் கிடந்தேன். மூக்கு அரித்தது. கிடந்தேன். காதுக்குள் பூச்சி போனது. கிடந்தேன். எங்கள் பக்கம் கூத்தில் யாராவது நன்றாக நடித்தால், மேடை ஏறி ஒரு ரூபாய் நோட்டைச் சட்டையில் குண்டூசியால் குத்திவிட்டுப் போவார்கள். தளவானூர்க்காரர் ஒருவர், "நல்லா சாவறாம்பா!" என்று மெச்சிக்கொண்டே ஏறி வந்து என் மார்பில் நோட்டைக் குத்தினார். சட்டையோடு சேர்த்து என்னையும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கண்ணுக்கு முன்னால் மல்லாட்டைக் கொல்லை தெரிந்தது ஐயா!

நாடகம் முடிந்தது. திரை விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. குழம்பிப்போன யாரோ திரையை மறுபடி தூக்கிவிட்டார்கள்.

"நாடகம் முடிஞ்சது. எல்லாரும் போகலாம்" என்றார் வரதராஜன் சார்.

நைனா எழுந்தார். "எங்க சார் முடிஞ்சிது? ராஜா இன்னும் கீழ கெடக்கறாரே?"

"ராஜா செத்துட்டார். இது டிராஜடி."

"சாவட்டும். யாரு வாணான்னா? எழுப்பிவுட்டுட்டுப் போங்கன்றோம்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் பாரதக் கூத்து நடக்கும். முடிவில் படுகளம். பாரதப் போரில் செத்தவர்களாக ஆட்கள் தரையில் கிடப்பார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டி, அவர்களை எழுப்பிவிட்டுத்தான் ஊர் கலையும். அப்படியே போட்டுவிட்டுப் போனால் ஊருக்கு ஆகாது. பாவம், தஞ்சாவூர்க்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"ஆங்கில இலக்கியத்துல செத்தவா எழுந்திருக்க மாட்டா!" என்றார் சார். விடுவாரா? அவர் எழுதிய ஒரே நாடகம் அல்லவா?

"அது அவங்க ஊரு வழக்கம். இது செஞ்சி. கொல்லையில மல்லாட்ட காய் புடிக்கிற நேரம். பொணத்த தாண்டிப் போனா வெளங்குமா?"

"எழுப்புங்க சார்" என்று ஜினதாஸின் அப்பாவும் எழுந்துவிட்டார். "நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கறதே அதான்."

சார் கடைசி நம்பிக்கையாக இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். படித்த மனிதர். எம்.ஏ., எல்.டி. இதற்குள் ஜீப் வரை போனவர், சத்தம் கேட்டுத் திரும்பி வந்து நின்றிருந்தார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கமாம்.

"பங்குனியில பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "எதுக்கு சார் வம்பு... எழுப்பிடுங்களேன்."

அவ்வளவுதான். டிராஜடி அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "கிங் ரிச்மண்ட்! ப்ளீஸ் கெட் அப்!"

நான் அசைவேனா? பிரம்படி வாங்கித் தேர்ந்த பிணம் ஐயா நான்! நானே கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே என்று சொன்னவர் இவர்தானே?

"டேய், எழுந்திருடா."

ம்ஹூம்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. அம்மா நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். "எம் புள்ளைக்கு இன்னாமோ ஆயிடுச்சி!" யாரோ கடைக்கு ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கி வந்தார்கள். சார் தட்டை ஏந்திக்கொண்டு என் காதருகே குனிந்தார். நான் உதடு அசையாமல் கேட்டேன்.

"எழுந்தா பெயில்னீங்களே சார்?"

"எழுந்திருக்கலைன்னாதான்டா பெயில்!"

"அப்ப பாஸா சார்?"

"பாஸ்டா, பாஸ்! எழுந்து தொலை!"

எழுந்து உட்கார்ந்தேன். மஞ்சள் தண்ணீர் முகத்தில் வந்து அடித்தது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று பந்தல் அதிர்ந்தது. இங்கிலாந்து ராஜா ஒருவருக்குச் செஞ்சியில் கோவிந்தா போட்டது அன்றைக்குத்தான். கூட்டம் என்னையே பார்த்தது. ராஜா ஏதாவது சொல்ல வேண்டாமா? அதுவும் இங்கிலீஷில்? 'ஐ டை' என்று சொன்னால் வம்பு, மறுபடி எழுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்த மிச்ச இங்கிலீஷ் ஒன்றுதான். எழுந்து நின்று கையைத் தூக்கிச் சொன்னேன்.

"ப்ரசென்ட் சார்!"

முதலில் கை தட்டியவர் இன்ஸ்பெக்டர். "நான் பார்த்த இங்கிலீஷ் நாடகத்திலேயே இதுக்குத்தான் முடிவு சரியா அமைஞ்சிருக்கு" என்று சாரின் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார். சார் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போனேன்.

"என் நாடகத்தைக் கொன்னுட்டேளேடா" என்றார்.

"அதையும் எழுப்பிடலாம் சார்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அடிக்க வந்துவிட்டார்.

வருஷப் பரீட்சையில் ஒரு கேள்வி — 'டிராஜடி என்றால் என்ன?' வகுப்பே ஒரே பதிலை எழுதியது. ராஜா சாவார், பிறகு எழுந்திருப்பார். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, சத்தியம். கண்ணால் கண்டதை எழுதினோம். என் விடைத்தாளில் சார் சிவப்பு மையில் குறித்திருந்தார் — 'உனக்கு இன்னும் டிராஜடி புரியவில்லை. ஆனாலும் பாஸ்.'

வாக்குத் தவறாத மனிதர். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து தப்பித்தேன். படித்தேன். வாராவாரம் எழுதி உங்களைப் படுத்துகிற அளவுக்கு வந்திருக்கிறேன். எல்லாம் அந்தப் பாஸில் ஆரம்பித்ததுதான்.

ரிட்டையரான பிறகு சார் திண்டிவனத்தில் இருந்தார். பல வருஷம் கழித்து ஒரு நாள் செய்தி வந்து, ஓடினேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. வந்தவர்கள் மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். எனக்கு மட்டும் கால் நகரவில்லை. எப்படிப் போவேன்? எழுப்பாமல் போகிற பழக்கம் இல்லையே எனக்கு! யாரும் கவனிக்காதபோது குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"எழுந்திருங்க சார். மணி அடிச்சாச்சு."

அவர் அசையவில்லை. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே?

அன்றைக்கு டிராஜடி புரிந்துவிட்டது எனக்கு. திருத்தி மார்க் போடத்தான் சார் இல்லை.