சூடு ஆறாமல் கட்டிய மூட்டைகள்

அண்ணன் மறைந்து இன்று பதினாறாம் நாள். வீட்டில் எழுதக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லாததால் காரியத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் இந்த நினைவுத் தாளை எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாலு வயது, எனக்கு ஆறு. அண்ணன் ஏர் ஓட்டினார், கிணறு வெட்டினார், மூட்டை தூக்கினார். முப்பது வயதுக்கு மேல் ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் வாங்கினார்.

அந்த மேட்டில் எல்லோரும் வேர்க்கடலைதான் போடுவார்கள். அண்ணன் மக்காச்சோளம் போட்டார். பச்சைக் கதிரை மகாபலிபுரம் கடற்கரையில் சுட்டு விற்பவர்களுக்கு பஸ் கூரையில் அனுப்புவார். முற்றியதைக் காயவைத்து, தடியால் அடித்து உதிர்த்து, கூடுவாஞ்சேரிக்கு அப்பால் இருந்த கோழித்தீவன மில்லுக்கு லாரியில் ஏற்றுவார். தட்டை மாட்டுக்கு, மணி உதிர்த்த கட்டை அடுப்புக்கு. அவரைப் பார்த்து ஆறு குடும்பத்தார் கடலையை விட்டு மக்காச்சோளத்துக்கு வந்தார்கள். மில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. அண்ணன் சொன்னார், போட்டார்கள்.

வெயிலில் காய்ந்த சோளத்தை உடனே மூட்டை கட்டக் கூடாது. நிழலில் பரப்பி ஆறவிட்டு, மறுநாள் காலையில்தான் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் சாக்குக்குள் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். அண்ணன் இதில் மட்டும் கறார். ஒரு வருடம் ஆறு குடும்பத்துச் சோளத்தையும் கட்டும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு லாரி பேசப் போனார். எனக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. மகாபலிபுரத்தில் ஓர் ஓட்டலில் வேலை இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. மத்தியான வெயிலிலேயே அள்ளிக் கட்டி, சாக்கைத் தைத்துவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்தேன்.

ஓட்டல் வேலை ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. திரும்பி வந்த மறுநாள் லாரி வந்தது. மூட்டைகள் மேல் உட்கார்ந்து அண்ணனோடு நானும் போனேன். மில்லில் ஒருவர் குத்தூசியைச் சாக்கில் செருகி, வந்த மணிகளை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார்.

“இன்னா அண்ணாத்த, கோழிக்குத் தீனி கேட்டா களி கிண்டி எடுத்துகினு வந்துகீற?”

இன்னும் நாலு சாக்கு குத்தினார். எல்லாவற்றிலும் அதே புளித்த வாடை. அண்ணன் என்னைப் பார்த்தார். லாரியைத் திருப்பச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் ஆறு வீட்டு வாசலிலும் நின்று, “தப்பு என்னுது. ஆறுறதுக்கு முன்னாடி கட்டிட்டேன்” என்றார். ஒரு வீட்டுப் பெரியவர், “ஊருக்கே பாடம் சொல்றவன் நீ. உனுக்கே தெர்லன்னா நாங்க யார நம்பறது?” என்று கேட்டார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் அண்ணன், இன்னும் கட்டாமல் வைத்திருந்த தம் நிலத்துச் சோளம் முழுவதையும் அவர்கள் பேரில் ஏற்றி அனுப்பினார். அது பாதி நஷ்டத்துக்குத்தான் காணும். நான் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போனேன்.

நெல்லூர்ப் பக்கம் லாரி கிளீனர், மரக்காணத்தில் உப்பளம். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. மஞ்சள் காமாலை என்று தகவல் கிடைத்து நான் வந்தபோது அண்ணன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறு வீட்டிலும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

“சும்மா கெட. சொல்லிட்டு நாளைக்கே பஸ் ஏறிடுவே. அவுங்க யார் கைல போய்க் கேப்பாங்க? எம்மேலியே இருக்கட்டும்.”

நான் வந்த நான்காம் நாள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த அண்ணியின் தம்பிக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், இன்று வந்திருக்கும் எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

அந்த ஆறு குடும்பத்தாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணன் தவறு செய்தவர் என்று நம்பிக்கொண்டே அடுத்த பட்டத்திலும் அவர் சொல் கேட்டு விதைத்தீர்கள். இதைவிடப் பெரிய உதவி எங்கள் குடும்பத்துக்கு யாரும் செய்ததில்லை. அந்த மூட்டைகளைக் கட்டியவன் நான். அண்ணன் பேச்சை மீறித்தான் இதை அச்சில் போடுகிறேன். இரண்டு வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அங்கே நானே வந்து சொல்கிறேன். மற்றவர்களும் கேட்க வேண்டியதை வந்து கேளுங்கள். கால் இப்போதே துறுதுறுக்கிறது. ஆனாலும் இந்த அறுவடை முடியும்வரை அண்ணன் வீட்டில்தான் இருப்பேன்.