என் காலுக்கு வந்த வியாதி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் வலது காலில் ஒரு வியாதி வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பிசியோதெரபி மிஸ். உண்மையில் அவர் வந்தது எனக்காக அல்ல, தம்பிக்காக.

தம்பி டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவன். மூன்று வயது முடிந்தும் பிடியை விட்டு நடக்கவில்லை. தசைகள் தளர்வாக இருக்கின்றன, விடாமல் பயிற்சி கொடுத்தால் நடப்பான் என்று மிஸ் சொன்னார். ஆனால் தம்பிக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முதல் எங்கள் அக்கராயன் ஒழுங்கைச் சனத்துக்குத்தான் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவன் கால் நிலத்தில் பட அங்கே யாரும் விட்டதில்லை. வயலுக்குப் போகிற மாமி அவனை இடுப்பில் வாங்கி அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுப்பார். அக்கா கடைக்காரரிடம் கொடுப்பார். இப்படியே வாய்க்கால் வரைக்கும் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வாயில் ஒரு பிஸ்கட்டோடு வீடு திரும்புவான். இவ்வளவு வாகன வசதி உள்ளவன் எதற்காக நடக்க வேண்டும் என்பது என் அப்போதைய கருத்து. இப்போதும் அதில் பெரிய பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

"இனி ஒருத்தரும் தூக்கப்படாது," என்றார் மிஸ்.

"பாவம் மிஸ், பிள்ளை கையை நீட்டுது," என்றார் மாமி.

"நீட்டினா கையைப் பிடியுங்கோ. இடுப்பைக் குடுக்காதேங்கோ."

அம்மாவுக்கு ஒரே எண்ணம்தான். தை பிறந்ததும் தம்பியை ஒழுங்கை முடிவிலுள்ள முன்பள்ளியில் சேர்க்க வேண்டும். டீச்சர் மறுக்கவில்லை. அத்தனை பிள்ளைகளையும் தனி ஆளாகப் பார்க்கிறவர். "நடந்து வரட்டும் அக்கா, அண்டைக்கே சேர்க்கிறன்," என்றிருந்தார். அதற்குப் பிறகு அம்மா கலண்டரைப் பார்ப்பதும் தம்பியின் காலைப் பார்ப்பதுமாகவே இருந்தார்.

மிஸ் ஸ்கூட்டியின் பின்னால் ஒரு பெரிய நீலப் பந்தைக் கட்டிக் கொண்டுவருவார். தம்பியை அதன்மேல் இருத்தி, இடுப்பைப் பிடித்து முன்னும் பின்னும் அசைப்பார். அது தம்பிக்குப் பிடித்திருந்தது. மற்றப்படி குந்தி எழும்புவது, கயிற்றைத் தாண்டுவது எதற்கும் அவன் மசியவில்லை. எழும்பச் சொன்னால் சம்மணம் கட்டி இருந்து மிஸ்ஸைப் பார்த்து அன்பாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் அப்பாவின் அதட்டலே எடுபடாது.

எனக்கோ அந்தப் பந்தில் ஏற வேண்டும்.

"அது பயிற்சி செய்யிற ஆக்களுக்கு, அண்ணா," என்றார் மிஸ். தம்பிக்கு அண்ணா என்பதால் அவருக்கும் நான் அண்ணா.

என் திறமையைக் கண்டால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். முற்றத்தின் நடுவில் போய், இரண்டு கைகளையும் விரித்து, வலது காலில் மட்டும் நின்றேன். கொஞ்ச நேரம் கொக்குப்போல நின்றேன். அதன்பிறகு அம்மா காயப்போட்டிருந்த செத்தல் மிளகாய்ப் பாயில் கிடந்தேன்.

தம்பி கதிரையைப் பிடித்து எழும்பி நின்று சிரித்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, அவனும் ஒரு காலைத் தூக்கப் பார்த்தான். மிஸ் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்து என் வலது காலை அமுக்கிப் பார்த்தார்.

"அண்ணாவுக்கும் பலன்ஸ் காணாது போல கிடக்கு," என்றார். "அவரும் சேர்ந்து செய்யட்டும். இல்லாட்டிச் சரிவராது."

எது சரிவராது என்று அவர் சொல்லவில்லை. என் கால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் நோயாளி. பந்து கிடைத்தது, ஆனால் நோயாளிக்கு எது ருசிக்கும்? காலையும் மாலையும் குந்தி எழும்பினேன். எதிரே தம்பியும் குந்தி எழும்பினான். நான் கயிற்றைத் தாண்ட, அம்மாவின் விரல்களைப் பிடித்தபடி அவனும் தாண்டினான். பாவம், வியாதியிலும் என்னையே பார்த்துச் செய்கிறானே என்று இரங்கினேன். கிரிக்கெட்டை விட்டேன். நண்பனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கேட்டான்:

"எந்தக் கால்?"

"வலது."

"அப்ப ஏன்டா இடது காலை நொண்டுறாய்?"

"அதுக்கும் பரவீட்டுது."

ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டே அம்மா அப்பாவிடம், "தைக்கிடையில சரிவருமோ?" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்குத் தை வரைக்கும்தான் காலம் என்று தெரிந்துகொண்டேன்.

மார்கழியில் மழை விட்ட ஒரு காலை. அப்பா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றும் பலகையை, முற்றத்தில் இரண்டு சீமெந்துக் கற்களின்மேல் வைக்கச் சொன்னார் மிஸ். முதலில் நான் நடந்து காட்ட வேண்டும். தம்பி முற்றத்தின் மறுகரையில், குசினி வாசலடியில், அம்மாவின் இரண்டு விரல்களைப் பிடித்து நின்றான்.

பலகை முழங்கால் உயரம்கூட இல்லை. பள்ளிக்கூட மதிலில் ஓடித் திரிந்தவன் நான். ஆனால் அது வியாதி வருவதற்கு முதல். நடுப்பலகையில் கால்கள் நடுங்கத் தொடங்கின.

"வாங்கோ அண்ணா," என்றார் மிஸ்.

"ஏலாது மிஸ்."

"ஏலும்."

"கால் சொல்வழி கேக்குதில்லை."

நடிப்பில்லை, மெய்யாகவே கேட்கவில்லை. பெருவிரலையே பார்த்துக்கொண்டு அழத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ என் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார்கள். நான் விழாமல் இருப்பதற்காகத்தான், ஆனால் அந்தப் பிடியிலேயே விழப்பார்த்தேன். குனிந்தால் தம்பி. அவன் முகத்தில் அவ்வளவு கவலையை நான் கண்டதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா குசினி வாசலை விட்டு அசையவில்லை. இரண்டு விரல்களும் நீட்டினபடியே இருந்தன. அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஈர முற்றம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தார். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விளைந்த வயல் வெள்ளத்தில் போனபோதே கலங்காத அப்பா, வேலிப்பக்கம் திரும்பி நின்றார்.

எல்லோரும் என் காலுக்காகத்தான் இப்படி உடைந்துபோனார்கள் என்று எனக்கு விளங்கியது. மூத்த பிள்ளை நான். ஆறுதல் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

"அழாதேங்கோ அம்மா," என்றேன் பலகையில் நின்றபடியே. "கால் போனாலும் நான் படிப்பன்."

அம்மா ஓடிவந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, முன்னையைவிடப் பலமாகக் குலுங்கினார். நான் நினைத்ததைவிட என் நிலைமை மோசம் என்று தெரிந்துகொண்டேன்.