வாகைக்குளத்தில் இறங்காத விமானம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். சென்னையில் ஒரு மளிகைக் கடையில் நிற்கிறேன். ஊருக்கு பஸ் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று விடிய விடிய விழித்தே வருகிறவன். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு முதன்முதலாக விமானத்தில் ஏறினேன்.

சீவலப்பேரியில் அக்கா விடிகாலையில் இறந்துபோயிருந்தாள். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பிறந்த வீடென்று அவளுக்கு மிச்சம் நான் ஒருத்தன்தான். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணைத் தூக்க மாட்டார்கள். தூக்கினால், நாதியற்றுப் போனாள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். பஸ்ஸில் போனால் இருட்டிவிடும். கடை அண்ணாச்சிதான் டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

"தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரந்தாம்லே. வாகைக்குளம் ஏர்போர்ட்டுல இறங்குனா ஒங்க ஊரு பக்கம். அழாமப் போ."

அதையே அத்தானிடம் போனில் சொன்னேன். "ஏறிட்டேன் அத்தான். ஒன்றரை மணி நேரம்."

அதை நம்பி அங்கே அக்காவைக் குளிப்பாட்டிவிட்டார்கள். குளிப்பாட்டிய பிறகு அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது.

வாகைக்குளத்தில் பேய்மழை. விமானம் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. மேகம் கிழிந்த ஓரிடத்தில் ஆறும் வயலும் தெரிந்தன. எங்கள் ஆறுதான். அதன் கரையில்தான் அவள் கிடக்கிறாள். வாங்கி வந்த கோடிச் சேலைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, இறங்கு, இறங்கு என்று கண்ணாடியில் நெற்றியை முட்டினேன். அது இறங்கவில்லை. மதுரைக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். போன வேகம் தெரியவில்லை, அதற்குள் மதுரை. அங்கிருந்து சீவலப்பேரிக்குக் காரில் மூன்று மணி நேரம் ஆகும் என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

சக்கரம் தரையைத் தொட்டதும் அத்தானைக் கூப்பிட்டேன்.

"ஏலே, எங்கன இருக்க?"

"மதுரையில அத்தான். மழையில இங்கன கொண்டாந்துட்டான்."

"மதுரையிலயா?"

போனில் அத்தானுக்குப் பின்னால் யாரோ பேசியது காதில் விழுந்தது. "ஏரோப்ளேன்ல வார தொரைய எங்கன வே காணும்? பஸ்ல வந்தாலே இந்நேரம் திருச்சி தாண்டியிருப்பாரு!"

"தூக்கிராதீங்க அத்தான். ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன்."

"குளிப்பாட்டியாச்சுலே. இங்கயும் மழை இருட்டிக்கிட்டு வருது. ஆளாளுக்குச் சத்தம் போடுதாவ. நான் என்ன செய்ய?"

அழுதார். பிறகு அவராகவே சொன்னார். "பொங்கலுக்குப் பொறந்த வீட்டுப் படின்னு ஒரு பச்சைச் சேலை கொண்டாந்தேல்லா? அதுக்குள்ள படுத்துட்டா, கட்டவே இல்ல. கவரோட இருக்கு. அதுவும் பொறந்த வீட்டுச் சேலைதானலே? போடட்டுமா? நீ சொல்லு."

இறங்குகிற கூட்டம் என்னை முதுகில் தள்ளியது. "போடுங்க அத்தான்" என்றேன்.

காரில் கோவில்பட்டி வரைக்கும், வழியில் வந்த ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையையும் படித்தேன். ஏதாவது குறைத்துப் போட்டிருக்க மாட்டானா என்று. கயத்தாறு வரும்போது போன் அடித்தது. தூக்கியாச்சு.

நான் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டுத் தகரக் கூரைக்குக் கீழே தீ பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. முகம் என்று பார்க்க எதுவும் இல்லை. அத்தான் என் கையிலிருந்த பையை வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"குடுலே. நனையுது பாரு."

"இன்னும் மடிப்புக்கூடக் கலைக்கல அத்தான்" என்றேன்.