பழைய நம்பரில் வந்த அழைப்பு

தாடிக்கொம்பில் ஒரு வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுக்கப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மாவிடம் செல்போன் இருந்தது. ஆனாலும் பழைய டெலிபோன் அதே நம்பரில் அடிக்க வேண்டும் என்றார். பழைய போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டரில் அதை மாட்டினேன். ஒல்லியான மனுஷி, ரிசீவரை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இதுல யாரும்மா கூப்பிடுவாங்க?”

“எம்மகதேன், தம்பி. அவுக அப்பா வெரட்டிவிட்டு ஆறு வருசமாச்சு. அவளுக்கு இந்த நம்பர்தேன் மனப்பாடம்.”

நான் கிளம்பும்போது மணி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. ரிசீவரை அவரிடம் கொடுத்தேன்.

“சாப்டியாம்மா?” என்றார். ரிசீவரை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டார். “அப்பா போயிட்டாரும்மா. இனி நீ வரலாம்.”

மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

அது மகள்தானா, யாரோ தவறிக் கூப்பிட்டதா, தெரியாது. அந்த மூச்சு ஒரு பெண்ணுடையது என்று மட்டும் என் காது இன்றும் சொல்கிறது.