பார்க்காமல் துடைத்த கை

என் கணவரின் அக்காவை பஸ் டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாளியக்கா என்பார்கள். வயதான டிரைவர்கள் வெறும் வாளி என்பார்கள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அவர் அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

வெளியூர் பஸ்கள் வந்து நின்றதும் உள்ளே ஏறிச் சுத்தம் செய்வது அவர் வேலை. கூட்டுவது, சீட்டுத் தூசி தட்டுவது எல்லாம் மற்றப் பெண்களும் செய்வார்கள். யாராவது வாந்தி எடுத்த பஸ் என்றால் மட்டும் ஒருத்தி தலைவலி என்பாள், இன்னொருத்தி தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். அப்போது கண்டக்டர் படியில் நின்றுகொண்டு கத்துவார்.

"வாளியக்கா! பின் சீட்டுல ஒரு மகராசன் கொட்டிக் கவுத்துட்டுப் போயிருக்கான்!"

"ஏன், உங்க சொந்தக்காரனா? சொத்து ஏதும் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கானா?"

"அதான் கூப்பிடுறேன். பாதி உங்களுக்குத்தான், வந்து எடுத்துக்கோங்க!"

இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, வாளியோடு ஏறுவார். அடுத்த நடை கிளம்புவதற்குள் அங்கே ஒருவர் வாந்தி எடுத்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பினாயில் வாசம் மட்டும் மிச்சம் இருக்கும்.

ஒரு நாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். வெட்கப்பட்டுக்கொண்டு பஸ் படியிலேயே நின்றேன். உள்ளே அண்ணி சீட்டுக்கு அடியில் மண்ணைத் தூவி, அட்டையால் வழித்துக்கொண்டிருந்தார். கை கீழே வேலை செய்தது. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. வெளியே வாட்ச்மேன் சைக்கிளைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியம்.

"எப்படி அண்ணி, பாக்காமலே?"

"பாக்கவே கூடாது. பாத்தா நமக்கும் வந்துடும். கண்ணை ஜன்னலுக்கு அனுப்பிடணும், மூக்கால மூச்சு விடக் கூடாது. மிச்சத்தைக் கை பாத்துக்கும்."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயமும்தான். அந்தக் கைக்கு எதுவும் தப்பாது. சீட்டின் தையல் மடிப்புக்குள் போனதைக்கூட விரல் தேடி எடுத்துவிடும்.

அண்ணி தனியாள். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி வீட்டோடு வந்தவர், எங்களோடேயே இருந்துவிட்டார். அந்தத் தம்பி, அதாவது என் கணவர், கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிற எலக்ட்ரீஷியன். ஆகையால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். மகள் பிறந்த பிறகு மூவர். நான் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குத் திரும்பியபோது, அண்ணி தன் வார விடுமுறையை, வாரத்தில் எனக்குக் காலை ஷிப்ட் வருகிற ஒரு நாளுக்கு மாற்றிக்கொண்டார். மற்ற நாட்களில் அவர் காலை ஷிப்ட், நான் மாலை ஷிப்ட். குழந்தை கை மாறிக் கை மாறி வளர்ந்தாள். 'அம்மா' என்பதற்கு முன்னால் 'த்தை' என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அண்ணி விடுவாரா?

"பாத்தியா, மொதல்ல யாரைக் கூப்பிடுறா? நீ சும்மா பெத்துக் குடுத்தவ. போய் பிஸ்கட்டை அடுக்கு, போ."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனை வரை வந்து என்னை வழியனுப்புவார். குழந்தை எனக்குக் கை காட்டும்போதும் அத்தையின் காதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த நாள் அண்ணியின் விடுமுறை நாள். குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும். காலையில் நான் கிளம்பும்போது நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். துணி மாற்றிக் கட்டிவிட்டு நான் போனேன்.

மாலையில் திரும்பியபோது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே பினாயில் வாசம் வந்தது. கொடி முழுக்கத் துணி. சின்னப் போர்வை, தலையணை உறை, அண்ணியின் பழைய புடவைக் கிழிசல்கள். எல்லாம் அலசிப் பிழிந்து, ஓரம் இழுத்துக் காயப்போடப்பட்டிருந்தன. தரை, நடை கிளம்பப் போகிற பஸ் மாதிரி பளிச்சென்று இருந்தது. குழந்தை பாயில் படுத்திருந்தாள்.

"வாந்தி எடுத்துட்டே இருந்தா. இப்பத்தான் அடங்கித் தூங்குறா" என்றார் அண்ணி.

"காலையில இருந்தேவா?"

"நீ போய்க் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுது. எடுக்க எடுக்கத் தண்ணி குடுத்தேன். உள்ள போனதெல்லாம் வெளிய வந்தாலும், தண்ணி நிக்கணுமில்ல? ஒரு டம்ளர் குடுத்தா ரெண்டு டம்ளரா திருப்பிக் குடுத்தா கள்ளி."

"ஏன் அண்ணி, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?"

"போடி. நான் பாக்காத வாந்தியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படி ஒரு பேச்சை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நான் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் நான் கட்டிவிட்ட அதே துணி இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பகல் முழுக்கச் சிறுநீரே போகவில்லை. உதடு வெடித்திருந்தது. எழுப்பினால் கண்ணைத் திறந்து, யாரையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். திடீரென்று முழங்கால் இரண்டையும் வயிற்றுக்கு இழுத்துக்கொண்டு வீறிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அடுத்த நிமிஷம் துவண்டுவிட்டாள்.

"இப்படித்தான் அப்பப்ப கத்துறா. அப்புறம் பேசாம இருந்துடுறா" என்றார் அண்ணி. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. "என்னடி? அப்படிப் பாக்குற?"

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அண்ணி."

ஆட்டோவில் குழந்தையை அவர்தான் மடியில் வைத்திருந்தார். குழந்தையின் கையை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். அந்த விரல்கள் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயது. சத்தம் போடாமல், வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை தடவை? எப்போதிலிருந்து? மலம் போனதா, அதில் ரத்தமோ சளியோ இருந்ததா? காலையிலிருந்து கூட இருந்தவர் அண்ணிதான். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"வாந்தி என்ன கலர்ல இருந்ததும்மா?"

அண்ணி என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"வாந்தி கலர்தாம்மா."

"பால் மாதிரியா, மஞ்சளா, பச்சையா?"

"பாக்கலையேம்மா. தொடைச்சுட்டேன்."

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். அதற்குள் குழந்தை உடம்பை முறுக்கினாள். மேஜைமேல் விரித்திருந்த வெள்ளை விரிப்பில் வாந்தி எடுத்தாள். கொஞ்சம்தான். இலையைக் கசக்கிப் பிழிந்த மாதிரி கரும்பச்சை.

அந்த நேரத்தில் அண்ணி செய்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் கை முந்தானையை இழுத்துக்கொண்டு விரிப்பை நோக்கிப் போனது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. அவராகச் செய்ததல்ல அது. இருபது வருஷ வேலை செய்தது.

டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைக்காதீங்கம்மா. அதைத்தான் பாக்கணும்."

அண்ணி திரும்பிப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில், கண் எடுக்காமல், ஒரு வாந்தியை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பிறகு எல்லாம் ஓட்டமாக இருந்தது. படம் எடுத்தார்கள், ஊசியில் தண்ணீர் ஏற்றினார்கள். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சட்டைக் கையை உள்ளே தள்ளினால் ஒன்றுக்குள் ஒன்று போகுமே, அப்படி. சீக்கிரம் வந்திருந்தால் பெரும்பாலும் கீழிருந்து காற்றைச் செலுத்தியே விடுவித்துவிடலாமாம். இவ்வளவு நேரம் ஆனதால் உள்ளே மாட்டிய பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. வயிற்றைக் கிழித்து, கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். குழந்தை பிழைத்தாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். குழந்தைகள் வாந்தி எடுப்பது சகஜம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். எடுத்தவுடனே டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் வயிறு தாங்காது. கொஞ்சம் பொறுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட் கரைசலை ஒரு ஸ்பூன், சில நிமிஷம் விட்டு இன்னொரு ஸ்பூன் என்று கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையென்றால் அதை நிறுத்தக் கூடாது. சிறுநீர் போகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்பூனில் கொடுத்தும் நிற்கவில்லையென்றால், குழந்தை துவண்டு போனால், காலை மடக்கிக்கொண்டு விட்டு விட்டுக் கத்தினால், வாந்தியில் பச்சையோ ரத்தமோ தெரிந்தால் வீட்டில் ஒரு நிமிஷமும் வைத்திருக்கக் கூடாது. வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். வாந்தி பட்ட துணியையும் கொண்டு வரலாம்.

"துவைக்காமலா?" என்று கேட்டார் அண்ணி.

"துவைக்காமத்தான்."

அண்ணி தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கொடியில் அன்று காயப்போட்ட துணிகள் அப்படியே விறைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கறை இல்லை.

"அலசுன தண்ணியிலயாவது பச்சை தெரிஞ்சிருக்குமே. அதைக்கூட நான் பாக்கலையேடி. சுவத்தைப் பாத்துட்டே அலசியிருக்கேன்."

"விடுங்க அண்ணி. தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நல்லா செஞ்சேன். அதான் வயித்தெரிச்சல். ஒரு சொட்டு விடாம நல்லா செஞ்சேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பேரும் சண்டை போட்டு, அழுது, ஓய்ந்திருப்போமோ என்று பிறகு தோன்றியதுண்டு.

டிப்போவில் கேட்டு, பஸ்ஸுக்கு வெளியே கழுவும் வேலைக்கு மாறிக்கொண்டார். ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நனைகிற வேலை. முட்டிவலி வந்தது. ஒரு நாள் கடைவீதியில் அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா உங்க அண்ணிக்கு? கிண்டல் பண்ணா திருப்பித் திட்டக்கூட மாட்டேங்குறாங்க. எங்களுக்குப் பொழுதே போகல."

டிப்போக்காரர்களைவிடக் கஷ்டம் குழந்தைக்குத்தான். அண்ணி அவளைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். முதலில் தையல் ஆறட்டும் என்றார். ஆறியது. பிறகு முட்டிவலி என்றார். தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், "பக்கத்து வீட்டுல விடு, அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு" என்பார். 'த்தை' என்று கையைத் தூக்கிக்கொண்டு வருவாள். "அம்மாகிட்ட போ" என்று அண்ணி நகர்ந்துவிடுவார். அவள் தூங்கியபின் பாவாடையை விலக்கி அந்தத் தழும்பைப் பார்ப்பார். நான் வந்தால் மூடிவிடுவார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் ஒரு லீவு நாள். பக்கத்து வீட்டார் ஊரில் இல்லை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணியிடம் விட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் போன் வந்தது.

"வாந்தி எடுத்துட்டா. ஒரு தடவைதான். நீ வா."

"எப்படி இருக்கா?"

"சிரிக்கிறா. ஸ்பூன்ல குடுத்துட்டு இருக்கேன், நிக்குது. ஒண்ணுக்குக்கூட போயிட்டா. நீ வா."

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி ஓடினேன். வாசலிலேயே நாற்றம். எங்கள் வீட்டில் அந்த நாற்றத்தை நான் அதுவரை அறிந்ததில்லை. கூடத்தின் நடுவில் ஒரு முறம் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அண்ணி, மடியில் டம்ளரும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருந்தார். வாளி தயாராக இருந்தது. மகள் நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு இருந்தாள்.

"அம்மா, அத்தை வாந்திக்குக் காவல் காக்குறாங்க!"

அண்ணி முறத்தை எடுத்தார். "பாரு."

பார்த்தேன். காலையில் தின்ற பிஸ்கட், கேரட் துண்டுகள். "சாப்பிட்டதுதான் அண்ணி. ஒண்ணுமில்ல."

"பச்சை இல்லையே?"

"இல்ல."

"நல்லா பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன்."

அப்புறம்தான் மண்ணைத் தூவினார். குனிந்து, கீழேயே பார்த்துக்கொண்டு வழித்தார். முன்போல் வேகம் இல்லை. குமட்டல் வந்து இரண்டு முறை நிறுத்தினார். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

துடைத்து முடித்து எழுந்தபோது மகள் நாற்காலிமேல் ஏறி நின்று கையை நீட்டினாள்.

"அத்தை, தூக்குங்க."

"கை அழுக்கு."

"கழுவிட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

அண்ணி பின்பக்கம் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் நீட்டிய கையை இறக்காமல் நாற்காலிமேலேயே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.