படிக்க வராத ஜூலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் தொழிற்சாலைக்கு விடுமுறை. பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரை அன்றைக்குத் திறந்து பார்ப்பதென்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஓசூரில் காலையிலிருந்தே தூறல். இயந்திரங்கள் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, சாமந்தி மாலையோடு, சத்தமில்லாமல் நின்றிருந்தன. எட்டு வருடமாக அந்தக் கூடத்துக்குள் போய் வருகிறேன். அங்கே என் காலடிச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று திறக்க வேண்டியிருந்த கம்ப்யூட்டர், வண்டிகளுக்கான ஸ்பிரிங்குகளை அழுத்திச் சோதிக்கும் இயந்திரத்தோடு இணைந்தது. அதற்கு மென்பொருள் செய்துகொடுத்தவர்கள் கடையை மூடிப் பல வருடமாகிறது. வேறொரு கம்ப்யூட்டரில் அதைப் புதிதாக ஏற்ற வழியில்லை. இரண்டு வாரமாக அதன் ஹார்ட் டிஸ்க் திணறிக்கொண்டிருந்தது. திரை அப்படியே உறைந்துவிடும். உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் வரும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டில் சில இடங்கள் படிக்க முடியாமல் கெட்டுப்போயிருந்தன. பேட் செக்டார் என்போம்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர் கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். நான் தென்காசிப் பக்கம். அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மேடம் என்பார். விடுமுறை நாளிலும் எனக்கு முன்பே வந்து கதவருகே நின்றிருந்தார். சட்டையின் தோள் நனைந்திருந்தது.

“மழையில நீங்க எதுக்குண்ணே வந்திய?”

“நான் இல்லாம அதைத் திறந்தா மனசு கேக்காதுங்க மேடம். பதினாறு வருசமா அது முன்னாடிதான் உக்காந்திருக்கறேன்.”

இப்படிப்பட்ட டிஸ்க்கை முதலில் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. சரிசெய்யும் வேலையே அதன் மிச்ச உயிரையும் வாங்கிவிடும். நல்லபடியாகப் படிக்க வருவதையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும். கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். அந்தக் காலத்து டிஸ்க் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. பெங்களூரில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் தேடிப்பிடித்து வாங்கி வந்திருந்தேன். அதற்கும் வயதாகிவிட்டது. கடைசிப் பகுதியில் கொஞ்சம் பழுது இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் பயன்பாட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மற்ற இடத்தைத் தயார்செய்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். “அவ்வளவு இடத்தைச் சும்மா விடறீங்களா?”

“அதுல எதையும் வச்சா நம்ப முடியாதுண்ணே.”

“எங்க தோட்டத்துல நடுவுல பாறைங்க. அதை விட்டுட்டுத்தான் ரோஜா வெச்சிருக்கறோம்.”

நகல் ஓடத் தொடங்கியது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகிக்கொண்டே போயின. கெட்ட இடம் வந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் நிற்கும்; மறுபடி பச்சை. நாங்கள் இருவரும் ஸ்டூல் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாலைகளிலிருந்து ஈரப் பூவாசம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமென்று தெரியாது. பச்சை மெல்ல மெல்லப் பரவுவதைப் பார்க்கையில், எங்கோ ஓர் ஊரில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றிக்கொண்டு போவதுபோல இருந்தது.

அவர் டீ வாங்கி வர வெளியே போனபோது, வந்து சேர்ந்த கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று சிலவற்றைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஸ்பிரிங் சோதனை அறிக்கைகள். அழுத்தம், உயரம், தேறியதா இல்லையா. அடியில் ‘குறிப்பு’ என்று ஓர் இடம். அதை யாரும் நிரப்புவதில்லை என்றே நினைத்திருந்தேன். இவர் நிரப்பியிருந்தார். ஆங்கில எழுத்தில், பாதி கன்னடம், பாதி தமிழ். ‘மஞ்சு ஜாஸ்தி, பஸ் லேட்.’ மஞ்சு என்றால் மூடுபனி. இன்னொன்றில் ‘நவிலு பந்து’. மயில் வந்தது என்று அர்த்தம். ‘பாப்பா பாஸ்.’ ‘மழே இல்லா.’ ‘காம்பவுண்டு சுவத்துல ரெண்டு பச்சைக்கிளி.’ ஷிஃப்டுக்கு ஒரு வரி. பதினாறு வருடம்.

டீயோடு வந்தவர் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“தப்புங்களா மேடம்? காலியா விட்டா அடுத்த பக்கம் போகாதுங்க. மொத நாள் புள்ளி வெச்சேன். அப்புறம் புள்ளி வெக்கறதுக்கு எதாச்சும் எழுதலாமேன்னு…”

“தப்பே இல்லண்ணே. ரொம்ப நல்லாருக்கு.”

அதன்பிறகு அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு, ஒவ்வொரு வருடமாகத் திறந்து படித்தார். சிலவற்றுக்குச் சிரித்தார். மத்தியானத்துக்குள் எல்லாக் கட்டமும் முடிந்தது. கொஞ்சம் சாம்பல் மட்டும் மிஞ்சியது. எந்தக் கோப்புகள் அவை என்று பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு ஜூலை மாதம். அந்த மாதத்து அறிக்கைகள் அத்தனையும் அங்கே கிடந்தன.

மேலாளருக்குப் போன் செய்தேன். “அவ்வளவு பழசு நமக்கு வேண்டாம்மா. மிஷின் ஓடுமில்ல? மூடிட்டுக் கெளம்புங்க” என்றார்.

இயந்திரம் ஓடும். கிளம்பியிருக்கலாம். இவர் டீக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அந்த ஜூலையில என்ன எழுதினேன்னு வரவே மாட்டேங்குதுங்க. முன்னாடி மாசம் ஞாபகம் இருக்குது, பின்னாடி மாசம் இருக்குது. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

நான் கிளம்பவில்லை. முன்னாலிருந்து படிக்க வராதது சில சமயம் பின்னாலிருந்து படித்தால் வரும். டிஸ்க்கைக் கொஞ்சம் ஆறவிட்டு, பக்கத்தில் மேசை விசிறியை வைத்து, அந்தப் பகுதியை மட்டும் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிட்டேன். டக், டக். மௌனம். மறுபடி டக். நாலு மணி சுமாருக்கு ஒரே ஒரு கட்டம் பச்சையானது. திறந்தால் ஒரு துண்டு அறிக்கை. குறிப்பில் ‘இவத்து அவளு ந’ என்று இருந்தது. வரி அங்கேயே அறுந்துவிட்டது.

“இன்னைக்கு அவள்… அப்புறம் என்னண்ணே?”

அவர் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். “நக்களுன்னா சிரிச்சாள். நடெதளுன்னா நடந்தாள். ரெண்டுல எதுன்னு தெரியலிங்களே.”

அதற்குமேல் டிஸ்க் பேசவில்லை.

திங்கட்கிழமை மாற்று டிஸ்க்கோடு இயந்திரம் முதல் ஸ்பிரிங்கை அழுத்தியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எண்கள் சரியாக விழுந்தன. ஆனால் அவருக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது.

“வீட்ல கேட்டேங்க. அந்த வருசம் அவ தோட்டத்துல வழுக்கி விழுந்து கால் உடைஞ்சு கெடந்தாளாம். கால் உடைஞ்சது தெரியும், எனக்கு அது வேற வருசம்னு நெனப்பு. ‘நான் மொத மொத எந்திரிச்சு நடந்ததைத்தான் எழுதியிருப்பே’ங்கறா.”

“அப்ப நடந்தாள்தான்.”

“அங்கதாங்க சண்டை. அவ விழுந்த அன்னைக்கு நான் லீவு போடாம வேலைக்கு வந்துட்டேன். அந்தக் கோவத்துல மாசம் பூரா என்கிட்ட முகம் குடுத்தே பேசலியாம். அப்படி இருந்தவ சிரிச்சிருந்தா, நான் அதைத்தானே எழுதியிருப்பேன்?”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“‘நடந்தேன். ஆனா உன்னைப் பாத்து சிரிக்கல’ன்னுட்டா.” அவர் முகம் மலர்ந்திருந்தது. “நேத்து வேலையெல்லாம் போட்டுட்டு ரெண்டு பேரும் அந்த மாசத்தைத்தாங்க பேசினோம். அவ சொல்லச் சொல்ல ஒவ்வொண்ணா வந்துச்சு. மாவுக்கட்டு மேல எறும்பு ஊறினது, பக்கத்து வீட்டம்மா களி கிண்டிக் கொண்டாந்தது. லீவு போடாததுக்கு இப்பத்தான் மன்னிப்பே கேட்டேன்.”

அன்று சாயங்காலம் மத்திகிரியில் இருக்கும் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது, கால்நடைப் பண்ணையின் புல்வெளியில் மாடுகள் தூறலில் அசையாமல் நின்றிருந்தன. அதே ஜூலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் தெளிவாக வரவில்லை. வீட்டில் கணவர் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து சோறு வைத்திருந்தார். அவரிடமும் அதையே கேட்டேன்.

“அந்த ஜூலையா? அப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாதே” என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, கோயம்புத்தூரில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மொட்டைமாடியில் மழைநீர் பிடித்துக் குளித்தார்களாம். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அதை எனக்குச் சொன்னதே இல்லை. நான் தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.