பொழித் தென்னையும் பாட்டு வாத்தியாரும்

ராசாத்தாளுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் ஊரில் அதுவரை பாட்டு என்றால் ரேடியோ, இல்லாவிட்டால் ஒப்பாரி. நடுவில் ஒன்றும் கிடையாது. கோயில் நோம்பிக்குக் கோயமுத்தூரிலிருந்து பாலகோபால் என்றொருவர் வந்து கச்சேரி செய்தார். சுண்டல் வாங்கியதும் கூட்டம் கலைந்துவிட்டது. கடைசிவரை இருந்த ராசாத்தாள், அவர் பஸ் ஏறும் முன் வழி மறித்தாள்.

“ஏனுங்க, இதை எனக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?”

அவர் மரியாதைக்காரர். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுஷன். சனிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார். ராசாத்தாள் ஊர்க் குழந்தைகளையும் கூட்டிவந்து, குழந்தைகளோடு குழந்தையாக உட்கார்ந்து சரளி வரிசை பாடுவாள். கிரைண்டரில் கல்லைப் போட்டு ஆட்டினால் எப்படி இருக்கும்? அதற்கு இது பத்து மடங்கு. ஆனைமலையில் யானைகள் காதை மூடிக்கொண்டதாகக் கேள்வி. ஆனால் குழந்தைகள் நன்றாகப் பாடினார்கள். அதைத்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

வாத்தியார் சம்பளத்தைப் பால் விற்ற காசில் ராசாத்தாளே கொடுத்துவந்தாள். பிறகு எருமையை விற்றுக் கொடுத்தாள். எருமைகள் தீர்ந்தன, குழந்தைகள் தீரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கோயிலில் விளக்குக்குக் கட்டளை இருக்கிறதல்லவா? அதேபோல் பாட்டுக்கும் ஒரு கட்டளை. ஆளுக்குச் சில தென்னை மரம் எழுதிக் கொடுப்பது. மரம் அவரவர் தோப்பிலேயே நிற்கும், காய் மட்டும் காலத்துக்கும் பாட்டுக்குப் போகும்.

ஊரே உடனே சரி என்றது. எங்கள் ஊர் ஒன்றுக்கு உடனே சரி சொன்னால் பயப்பட வேண்டும். மரங்களுக்கு மஞ்சள் துணி கட்டப் போனவளுக்கு விஷயம் புரிந்தது. அத்தனை பேரும் கொடுத்தது பொழி மரம். இரண்டு தோப்புக்கு நடுவே எல்லையில் நிற்பது. வேர் இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். ஒவ்வொரு காய் வெட்டுக்கும் சண்டை. ஊர்ச் சண்டை முழுவதையும் கொண்டுவந்து சரஸ்வதி தலையில் கட்டிவிட்டார்கள்!

மற்ற பொழிகளை ராசாத்தாள் பேசியே தீர்த்தாள். ஒரே ஒரு வரிசை தீரவில்லை. பங்காளிகளான ஈஸ்வரமூர்த்திக்கும் ஆறுச்சாமிக்கும் நடுவில் இருந்த வரிசை. ஊரிலேயே நல்ல காய்ப்பு அதில்தான். ஒருவர் வெட்டினால் மற்றவர் போலீசைக் கூட்டிவருவார். அதனால் வருஷக் கணக்காகக் காய் தானாக விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையை இருவரும் தனித்தனியாக ராசாத்தாளுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அது இல்லாமல் வாத்தியார் சம்பளம் பாதிகூடத் தேறாது. அவருக்கோ கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கூப்பிட்டிருந்தார்கள்.

“அம்மா, இன்னைக்குப் பத்திரம் முடிஞ்சா இருக்கேன். இல்லேன்னா சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பறேன். எனக்கும் குடும்பம் இருக்கு,” என்றார்.

பத்திரம் எழுதும் யாகூப் பாய் தோப்புக்கே வந்துவிட்டார். முதல் வெட்டு சாமிக்கு என்று, ஊருக்கெல்லாம் காய் வெட்டும் நரசிம்மலு அரிவாளோடு மரம் ஏறினான். அவன் உச்சிக்குப் போனதும் இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் தடியோடு வந்தார்கள்.

“ஏனுங்கக்கா, என்ற மரத்தை நான் குடுக்கறேன். அவன் பேரு எதுக்குங்க அதுல?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“உன்ற மரமா? எங்கப்பன் தண்ணி ஊத்துன மரம்டா! உங்கப்பன் எளநி குடிக்கத்தான் வந்தான்,” என்றார் ஆறுச்சாமி.

“நரசிம்மலு! குலையில அருவா பட்டுது, உன்ற காலு தரையில படாது, பாத்துக்க!” என்று மேலே பார்த்துக் கத்தினார் ஈஸ்வரமூர்த்தி.

“நீங்க பேசி முடிச்சுட்டே சொல்லுங்க,” என்றான் நரசிம்மலு மேலிருந்து. “எறங்குனா அடி, ஏறுனா வானம். நான் இங்கியே இருந்துக்கறேனுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஆறுச்சாமி பக்கத்து ஆளிடமிருந்து கோடாலியைப் பிடுங்கினார்.

“மரம் இருந்தாத்தானே இத்தனையும்? சாச்சுப்போடறேன்!”

ஒரு போடு போட்டேவிட்டார். மரம் அதிர்ந்தது. மேலே நரசிம்மலு இரண்டு கையாலும் மட்டையைக் கட்டிக்கொண்டு கத்தினான். அடுத்த போட்டுக்குக் கோடாலி ஏறியபோது ராசாத்தாள் போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

“போடு சாமி. எனக்கும் மேல இருக்கறவனுக்கும் சேத்து ஒரே போடாப் போட்டுரு.”

கோடாலி அந்தரத்திலேயே நின்றது. வாத்தியார் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ராசாத்தாள் அதைப் பார்த்தாள்.

“ஆறுச்சாமி, இது உன்ற மரந்தானே?”

“ஆமாங்க!”

“அப்ப உன்ற பேரை மட்டும் போட்டு எழுதிக் குடு. ஈஸ்வரமூர்த்தி, உன்ற மரமில்லியா?”

“சத்தியமா என்றதுங்க.”

“அப்ப நீயும் தனியா எழுதிக் குடு. அவன் பேரு அதுல இருக்காது.”

யாகூப் பாய் கண்ணாடியைக் கழற்றினார். “அக்கா, ஒரே மரத்தை ரெண்டு பேரு எப்படிக் குடுக்க முடியும்?”

“ரெண்டு பேருமே குடுத்துட்டா, அப்பறம் என்றதுன்னு கேக்கறதுக்கு யாரு இருக்கறா? நீங்க எழுதுங்க பாய்.”

ஈஸ்வரமூர்த்தி முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பேனா ஆறுச்சாமி கைக்கு வந்தது. அவர் எழுதவில்லை. போட்டால் மரம் போய்விடும். போடாவிட்டால் அது ஈஸ்வரமூர்த்தி கொடுத்த மரமாகிவிடும். அவர் நெற்றி வியர்வை பத்திரத்திலேயே சொட்டியது. முக்கு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. வாத்தியார் வண்டிப்பாதைப் பக்கம் திரும்பி நாலடி நடந்தார்.

“என்ன பங்காளி,” என்றார் ஈஸ்வரமூர்த்தி, பல்லைக் காட்டிக்கொண்டு. “உன்ற மரமில்லேன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

காகிதம் கிழியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார் ஆறுச்சாமி.

பஸ் வந்து, நின்று, போனது. வாத்தியார் பையை இறக்கி மட்டைக் குவியல்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து முதல் குலை இறங்கியது.

அந்த வரிசையில் இன்றுவரை ஒரு குரும்பைகூடத் திருட்டுப் போனதில்லை. வெட்டு நாளில் இந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தி ஆள், அந்தப் பக்கம் ஆறுச்சாமி ஆள். மற்றவன் ஒரு காயைத் தொட்டுவிடுவானோ என்று கண் சிமிட்டாமல் பார்க்கிறார்கள். இப்படிக் காவல் திருப்பதி உண்டியலுக்குக்கூடக் கிடையாது. சம்பளமும் கிடையாது.

ராசாத்தாள் இப்போது கீதம் வரை வந்துவிட்டாள். குரல் அப்படியேதான் இருக்கிறது. “நல்ல முன்னேற்றம்” என்கிறார் வாத்தியார். சொன்னேனே, மரியாதைக்காரர். போன தை மாதம் பாட்டுக்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் ஓடிவந்து, கல்யாணப் பந்தியில் பங்காளிகள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொன்னாள். ராசாத்தாளின் தாளம் நின்றது.

“பேசிக்கிட்டாங்களா?”

“இல்லீங்க. பேசுல.”

“அப்பச் செரி,” என்று விட்ட இடத்திலிருந்து மறுபடியும் பாட ஆரம்பித்தாள்.